தலைவலி மாத்திரையே தலைவலி ஆன கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பிஸ்கட் டின்னுல இருந்து ஆரம்பிக்குது.

ஈரோட்டுல எங்க வீட்டுல, அம்மாவோட தையல் மிஷினுக்குப் பக்கத்துல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். உள்ள நூல்கண்டு, ஊசி, கொக்கி, பாபின். அதுக்கு நடுவுல எப்பவும் ரெண்டு அட்டை தலைவலி மாத்திரை. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த டின்னும் உண்டு, அந்த மாத்திரையும் உண்டு. அம்மா வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறவங்க. முகூர்த்த சீசன்ல ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மிஷின் சத்தம் கேட்கும். "ஏம்மா, தினமும் மாத்திரையா?"ன்னு கேட்டா, "அதைப் போட்டாத்தான் கண்ணு மிஷின் ஓடும்"னு சொல்லுவாங்க.

போன வருஷம் ரெண்டு மாசம் ஊர்ல இருந்தே வேலை பார்த்தேன். அப்பதான் சரியா கவனிச்சேன். காலையில எந்திரிக்கும்போதே தலைவலி. காபிக்கு முன்னாடி ஒரு மாத்திரை. சில நாள் மத்தியானம் இன்னொண்ணு. நாங்க ஒண்ணும் பார்க்காம விடலை. கண்ணாடி பவர் ரெண்டு தடவை மாத்தியாச்சு. சைனஸா இருக்கும்னு எக்ஸ்ரே எடுத்தாச்சு. பிரஷர் பார்த்தாச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல். கடைசியா ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட போனோம். அவர் "எங்க வலிக்குது?"ன்னு முதல்ல கேட்கலை. "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?"ன்னு கேட்டார்.

அம்மா, "வலிச்சா போடுவேன் சார், வலிக்கலைன்னா போட மாட்டேன்"னாங்க. அது பொய் இல்லை. ஆனா அது பதிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மாத்திரை வாங்கறது அப்பா. மெடிக்கல்ல யுபிஐல பணம் அனுப்புவார். அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தா மாசத்துக்கு மூணு அட்டை, சில மாசம் நாலு. அடுத்த மாசம் காலண்டர்ல மாத்திரை போட்ட தேதியை எல்லாம் வட்டம் போட்டு வெச்சோம். 24 வட்டம். அதைப் பார்த்துட்டு டாக்டர் சொன்னதுதான் இந்த எபிசோடுக்குக் காரணம்: "இப்ப உங்க தலைவலிக்கு ஒரு காரணம் இந்த மாத்திரை."

அம்மா வெளிய வந்ததும் என்கிட்ட கேட்ட கேள்வி இது: "அப்ப இத்தனை வருஷம் நான் பண்ணதுதான் தப்பா?"

எனக்கு அப்ப பதில் தெரியலை. அதுக்கப்புறம் படிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல, தலைவலின்னா என்ன?

தலைவலி ரெண்டு வகை. ஒண்ணு, வேற ஒரு நோயோட அறிகுறியா வர்றது. காய்ச்சல், தலையில அடி, ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், கட்டி இப்படி. இன்னொண்ணு, தலைவலியே நோயா இருக்கறது. இதுல பெரிய ஆளுங்க ரெண்டு பேர்: தலையைச் சுத்திப் பட்டை கட்டி இறுக்கற மாதிரி வர்ற டென்ஷன் தலைவலி, அப்புறம் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி.

பேரைப் பாருங்க. இரண்டாம் நூற்றாண்டுல கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இதை 'ஹெமிக்ரேனியா'ன்னு எழுதினார், அதாவது பாதி மண்டை. அதுதான் தேய்ஞ்சு பிரெஞ்சுல 'மைக்ரேன்' ஆச்சு. சுஸ்ருதர் பேர்ல இருக்கற சமஸ்கிருத மருத்துவ நூல்ல 'அர்த்தாவபேதகம்', பாதித் தலையைப் பிளக்கறது. நாம ஒற்றைத் தலைவலின்னு சொல்றோம். மூணு மொழியிலயும் ஒரே விஷயத்தைத்தான் கவனிச்சிருக்காங்க. ஆனா நிஜத்துல மைக்ரேன் ரெண்டு பக்கமும் வரலாம். மூக்கடைப்பும் கண்ணுல தண்ணியும் சேர்ந்தே வரலாம். அதனாலதான் நிறைய பேர் அதை சைனஸ்னு நினைக்கறாங்க. 2004ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. தனக்கு சைனஸ் தலைவலின்னு நம்பின, இல்லைன்னா டாக்டரே அப்படிச் சொன்ன சுமார் 3,000 பேரைப் பார்த்தாங்க. 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. நாங்க எடுத்த சைனஸ் எக்ஸ்ரே ஞாபகம் வந்துச்சு.

மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தலைவலி இருந்தா அதை நாள்பட்ட தலைவலின்னு சொல்றாங்க. பெரும்பாலும் அது முதல் நாள்ல இருந்தே அப்படி இருக்கறது இல்லை. மாசத்துக்கு ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிச்சு, வருஷக்கணக்குல கூடிக்கிட்டே வரும். ஏன் கூடுதுங்கறதுதான் கேள்வி. அதுக்கு ஒரு விடை ஸ்வீடன்ல ஒரு சின்ன ஊர்ல இருந்து வருது.

ஹுஸ்க்வார்னா: பிறந்தநாளுக்கு வலிப்பொடி

19ஆம் நூற்றாண்டோட கடைசியில ஜெர்மனியோட சாயக் கம்பெனிகள் மருந்து பக்கம் திரும்பினாங்க. 1887ல பேயர் கம்பெனி ஃபினாசிட்டின்னு ஒரு மருந்தை வித்தாங்க. காய்ச்சலுக்கும் வலிக்கும். ஆஸ்பிரின் 1899லதான் வருது. அதுக்கு முன்னாடியே தலைவலிக்கு மாத்திரையும் பொடியும் கடையில கிடைக்க ஆரம்பிச்சாச்சு.

இப்ப 1918. முதல் உலகப்போர் முடியற நேரம், உலகம் பூரா விஷக்காய்ச்சல். ஸ்வீடன்ல ஹுஸ்க்வார்னா ஊர்ல ஹ்யோர்டன்னு ஒரு மருத்துவர் நோயாளிகளுக்கு ஒரு பொடி கலந்து கொடுத்தார். ஃபினாசிட்டின், ஃபினசோன்னு இன்னொரு வலி மருந்து, கூட காஃபீன். காய்ச்சல் குறைஞ்சுது. காஃபீன் இருந்ததால உடம்புக்கு ஒரு தெம்பும் வந்துச்சு.

அந்த ஊர் ஒரு பெரிய தொழிற்சாலையை நம்பி இருந்த ஊர். துப்பாக்கி, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள்னு செய்வாங்க. (ஆமா, தையல் மிஷின். படிக்கும்போது அந்த இடத்துல கொஞ்சம் நின்னுட்டேன்.) காய்ச்சல் போச்சு, பொடி போகலை. வேலை வேகம் குறையாம இருக்கத் தொழிலாளர்கள் அதைத் தினமும் போட ஆரம்பிச்சாங்க. ஒரு கட்டத்துல அந்தப் பொடிப் பாக்கெட்டை அழகா காகிதம் சுத்திப் பிறந்தநாள் பரிசா கொடுக்கற அளவுக்குப் போச்சு. சிரிக்க வேண்டாம். அந்த ஊருக்கு அது நாம கொடுக்கற ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி. அன்போடதான் கொடுத்திருப்பாங்க.

அப்புறம் அந்த ஊர்ல சிறுநீரகம் பழுதாகி இறக்கறவங்க கூடினாங்க. குர்ட் க்ரிம்லண்ட்னு ஒரு மருத்துவர் தொழிற்சாலை ஆட்களை வெச்சு இதை ஆராய்ஞ்சார். ஊருக்குள்ள முதல்ல எதிர்ப்பு. பழகின பொடியை யாராவது குறை சொன்னா எந்த ஊர்லயும் அப்படித்தானே. 1963ல அவர் முடிவை வெளியிட்டார்: பொடி அதிகம் போட்டவங்களுக்கே சிறுநீரகப் பாதிப்பு அதிகம்.

ஹுஸ்க்வார்னா மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்துல கடிகாரத் தொழிற்சாலைகள்ல நாள் பூரா கண்ணைச் சுருக்கிச் சின்னச் சின்ன பல்சக்கரம் பொருத்தற தொழிலாளர்கள் மத்தியில இதே பழக்கம். 1953ல அங்க ஷ்ப்யூலர், ஸொலிங்கர்னு ரெண்டு மருத்துவர்கள் வலி மருந்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினாங்க. ஆஸ்திரேலியாவுல ஆஸ்பிரின், ஃபினாசிட்டின், காஃபீன் மூணும் கலந்த பொடி வீட்டுக்கு வீடு. அங்க அதிகம் போட்டது வீட்டுல இருந்த பெண்கள். ஒரு கப் டீ, ஒரு பொடி, கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாகிடும்னு விளம்பரமே இருந்துச்சு. மெல்போர்ன்ல ப்ரிஸில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற மருத்துவர் அறுபதுகள்ல இருந்து இதுக்கு எதிராப் பேசினார். 1979ல இந்தக் கூட்டு மருந்துகளைச் சீட்டு இல்லாம விக்கறதை ஆஸ்திரேலியா நிறுத்துச்சு. ஃபினாசிட்டினை இந்தியா உட்படப் பல நாடுகள் பின்னாடி தடை பண்ணிட்டாங்க.

ஒரு சின்ன குறிப்பு: உடம்புக்குள்ள போனதும் ஃபினாசிட்டின் பெரும்பாலும் பாராசிட்டமாலா மாறித்தான் வேலை செய்யுதுன்னு 1949ல ப்ரோடியும் ஆக்சல்ராடும் காட்டினாங்க. பாராசிட்டமால் கடைக்கு வந்த கதை அங்கிருந்துதான் தொடங்குது. ஃபினாசிட்டின் மாதிரி சிறுநீரகத்தைக் கெடுக்கற மருந்து அது இல்லை, சரியான அளவுல பாதுகாப்பானதுதான். பயப்பட வேண்டாம்.

ஆனா இந்தக் கதையில ஒரு ஓட்டை கவனிச்சீங்களா? இத்தனை வருஷமா எல்லாரும் சிறுநீரகத்தைப் பார்த்தாங்க. தினமும் ஏன் போடறாங்கன்னு கேட்டா, 'தலைவலிக்கு'ன்னு பதில். தினமும் மருந்து போடற ஆளுக்குத் தலைவலி குறையணுமே, ஏன் தினமும் வருது? அந்தக் கேள்வியைக் கேட்டது வேற ஒரு மருந்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க.

பூஞ்சையில இருந்து வந்த மருந்து

கம்பு போடற விவசாயிகளுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரிஞ்சிருக்கும். கதிர்ல பிசுபிசுன்னு வடியும், அப்புறம் மணி இருக்க வேண்டிய இடத்துல கருப்பா ஒண்ணு நிக்கும். எர்காட்னு சொல்ற பூஞ்சைக் குடும்பம் அது. ஐரோப்பாவுல ரை என்ற தானியத்துல இதே குடும்பத்துப் பூஞ்சை வரும். இடைக்காலத்துல அந்த மாவுல ரொட்டி செஞ்சு சாப்பிட்டு ஊர் ஊரா ஜனங்க கை கால் கருகிச் செத்திருக்காங்க. ரத்தக் குழாயை அந்த அளவுக்குச் சுருக்கற விஷம்.

1918ல, அதே ஹுஸ்க்வார்னா வருஷம், சுவிட்சர்லாந்துல பாஸல் நகரத்துல சாண்டோஸ் கம்பெனியோட ஆர்தர் ஸ்டோல் அந்தப் பூஞ்சையில இருந்து எர்கோட்டமினைப் பிரிச்சு எடுத்தார். இருபதுகள்ல அதை மைக்ரேனுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. வேலை செஞ்சுது. 1938ல நியூயார்க்ல கிரஹாம், உல்ஃப் ரெண்டு பேரும், எர்கோட்டமின் ஊசி போட்டதும் நெற்றிப்பொட்டு ரத்தக் குழாயோட துடிப்பு குறையறதையும், கூடவே வலி குறையறதையும் அளந்து காட்டினாங்க. 'ரத்தக் குழாய் விரியறதுதான் மைக்ரேன்'ங்கற கருத்து அதுக்கப்புறம் பல வருஷம் கோலோச்சியது.

முதல் தடவையா மைக்ரேனுக்குன்னே ஒரு நல்ல மருந்து. எல்லாரும் போட்டாங்க. நிறையப் போட்டாங்க. 1951ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பீட்டர்ஸ், ஹார்ட்டன்னு ரெண்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தை எழுதினாங்க. எர்கோட்டமினை அடிக்கடி போடறவங்களுக்குத் தலைவலி தினசரி ஆகிடுது. மருந்தை நிறுத்தினா முதல்ல வலி பயங்கரமா கூடுது. அதைத் தாண்டிட்டா, பல பேருக்குத் தலைவலி குறைஞ்சிடுது.

அதாவது, நோயாளி தினமும் அனுபவிச்ச வலியில ஒரு பங்கு, நேத்துப் போட்ட மருந்து இறங்கும்போது வர்ற வலி. அதுக்கு அவர் இன்னைக்கு மருந்து போடறார். நாளைக்கு அது இறங்கும்.

சாதாரண வலி மாத்திரைக்கும் இது பொருந்துமாங்கற கேள்விக்கு இன்னும் முப்பது வருஷம் ஆச்சு. 1982ல லீ குட்ரோ என்ற அமெரிக்க மருத்துவர், தினமும் வலி மாத்திரை போடற தலைவலிக்காரங்களைப் பிரிச்சுப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தினவங்க நல்லா தேறினாங்க. தொடர்ந்து போட்டவங்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தும் அவ்வளவு பலன் இல்லை.

உடனே ஒரு சந்தேகம் வரும். மூட்டுவலிக்கு தினமும் மாத்திரை போடறாங்களே, அவங்களுக்கெல்லாம் தலைவலி வருதா? நல்ல கேள்வி. சிட்னியில ஜேம்ஸ் லான்ஸும் கூட இருந்தவங்களும் இதையே கேட்டாங்க. மூட்டுநோய்க்காக வலி மருந்து தொடர்ந்து போடறவங்களை விசாரிச்சு 1988ல எழுதினாங்க. தலைவலியே இல்லாத ஆளுக்கு மாத்திரை புதுசா தலைவலியை உண்டாக்கலை. ஏற்கனவே மைக்ரேன் சுபாவம் இருக்கற ஆளுக்குத்தான் அது தினசரித் தலைவலியா மாறுது.

இது ரொம்ப முக்கியம். மாத்திரை விஷம் இல்லை. சில பேரோட நரம்பு மண்டலம் அப்படி. அந்த நரம்பு மண்டலத்துக்கு அடிக்கடி மாத்திரை கொடுத்தா அது வலியை இன்னும் சுலபமா கிளப்பக் கத்துக்குது.

என் வேலையில இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. ஒரு சர்வர் கொஞ்சம் மெதுவாகுது. பதில் வரலைன்னு ஒவ்வொரு ஆப்பும் திரும்பக் கேட்குது, திரும்பக் கேட்குது. ஒவ்வொரு ஆப்பும் செய்யறது தனித்தனியா நியாயம்தான். ஆனா அத்தனை கோரிக்கையும் சேர்ந்து சர்வரை எழவே விடாது. முதல்ல அது மெதுவானதுக்குக் காரணம் வேற. அது இன்னும் எழாம இருக்கறதுக்குக் காரணம், அதைச் சரிபண்ண எல்லாரும் செய்யற முயற்சி.

எத்தனை நாள்ங்கறதுதான் கணக்கு

1988ல சர்வதேசத் தலைவலிச் சங்கம் தலைவலிகளை எல்லாம் வகைபிரிச்சு முதல் பட்டியல் போட்டாங்க. மருந்தால் வரும் தலைவலிக்கு அதுல ஒரு இடம் கிடைச்சுது. 2004ல வந்த ரெண்டாவது பட்டியல்ல அதுக்கு 'மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி'ங்கற பேர் உறுதியாச்சு. லான்ஸோட 1988 கட்டுரைத் தலைப்புலகூட இருந்த ஆங்கில வார்த்தை 'துஷ்பிரயோகம்'ங்கற அர்த்தம் தர்றது. போதைக்கு அடிமையானவங்களைச் சொல்ற அதே வார்த்தை. பிறகு வந்த பேர்ல அந்தக் குற்றச்சாட்டு இல்லை. அதிகமாகிடுச்சு, அவ்வளவுதான்.

இன்னைக்கு உள்ள அளவுகோல் இதுதான். மூணு மாசத்துக்கு மேல:

- பாராசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் மாதிரி தனி மருந்துன்னா, மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ.
- காஃபீன் கலந்த கூட்டு மாத்திரை, எர்கோட்டமின், டிரிப்டான், ஓபியாய்டு வகைன்னா, மாசத்துக்கு 10 நாளோ அதுக்கு மேலயோ.

எத்தனை மாத்திரைன்னு இல்லை, எத்தனை நாள்னு கணக்கு. அம்மாவோட அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாராசிட்டமால், இன்னொரு வலி மருந்து, காஃபீன். ஹ்யோர்டன் பொடியில இருந்த அதே மூணு பங்கு அமைப்பு, ஃபினாசிட்டின் மட்டும் இல்லை. அதனால அம்மாவுக்கு எல்லை 10. எங்க காலண்டர்ல 24.

சில நாடுகள்ல மக்கள்ல 5 சதவீதம் பேர் வரைக்கும் இந்தத் தலைவலி இருக்கறதா உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

சரி, என்ன பண்றாங்க?

முதல் வேலை, மாத்திரையைக் குறைக்கறது இல்லை நிறுத்தறது. நிறுத்தினா முதல்ல வலி கூடும். டிரிப்டான் போட்டவங்களுக்குச் சராசரியா 4 நாள், எர்கோட்டமினுக்கு ஒரு வாரம் போல, சாதாரண வலி மாத்திரைக்கு 10 நாள் போலன்னு 2001ல வந்த ஜெர்மன் ஆய்வு சொல்லுது. தூக்கம் கெடும், வாந்தி வரலாம்.

ரெண்டாவது, தடுப்பு மருந்து. வலி வந்த பிறகு போடறது இல்லை, வராம இருக்க தினமும் போடறது. இதுல முக்கால்வாசி வேற வியாதிக்கு வந்த மருந்துங்க. ப்ரோப்ரனலால் இதயத்துக்கு வந்தது. 1966ல நெஞ்சுவலிக்கு அதைப் போட்ட ஒரு நோயாளிக்குப் பழைய மைக்ரேன் குறைஞ்சதை மருத்துவர்கள் கவனிச்சாங்க. டோபிராமேட் வலிப்புக்கு. அமிட்ரிப்டிலின் மன அழுத்தத்துக்கு. அம்மாவுக்கு எழுதினது இதுதான். நான் கூகுள்ல தேடிட்டு, "எங்கம்மாவுக்கு டிப்ரஷன் இல்லையே சார்"னு டாக்டருக்கு மெசேஜ் போட்டேன். தலைவலிக்கு அதை ரொம்பக் குறைஞ்ச அளவுல, ராத்திரியில கொடுக்கறாங்கன்னு பொறுமையா விளக்கினார். சுருக்கம் போக்க அழகு நிலையத்துல போடற போடாக்ஸ்கூட 2010ல அமெரிக்காவுல நாள்பட்ட மைக்ரேனுக்கு அனுமதி வாங்கிடுச்சு.

2018லதான் மைக்ரேனைத் தடுக்கறதுக்குன்னே யோசிச்சு உருவாக்கின ஒரு புது மருந்து வகை வந்தது. வலி நரம்புகள் வெளியிடற சி.ஜி.ஆர்.பி.ங்கற பொருளைத் தடுக்கற ஊசி. அந்தப் பொருள் மைக்ரேன் சமயத்துல ரத்தத்துல கூடுதுன்னு எட்வின்சன், கோட்ஸ்பி ரெண்டு பேரும் 1990ல காட்டினாங்க. ஆக ஊசி வர 28 வருஷம். அதுக்குள்ள உல்ஃபோட ரத்தக் குழாய்க் கதை பின்னுக்குப் போய், மைக்ரேன் அடிப்படையில நரம்பு சம்பந்தப்பட்ட நோய்ங்கற புரிதல் முன்னுக்கு வந்துடுச்சு. நல்ல ஊசி, ஆனா எங்க மாதிரி வீட்டுக்கு விலை அதிகம்.

மாத்திரையை முழுசா நிறுத்தியே ஆகணுமாங்கறதுல இன்னும் விவாதம் ஓடுது. 2020ல டென்மார்க்ல 120 பேரை வெச்சு நடந்த ஆய்வுல, நிறுத்தறதும் தடுப்பு மருந்தும் சேர்ந்த வழிக்கு நல்ல பலன். 2022ல அமெரிக்காவுல 720 பேர்கிட்ட நடந்த ஆய்வுல, சரியான தடுப்பு மருந்து கொடுத்தா, பழைய மாத்திரையைத் தொடர்ந்தவங்களும் குறைச்சு மாத்தினவங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறினாங்க. ரெண்டுலயும் பொதுவா இருக்கறது தடுப்பு மருந்து. வெறும் மனஉறுதியை மட்டும் நம்பி ஒருத்தரை வலியில தள்ள வேண்டியதில்லைன்னு நான் இதைப் புரிஞ்சுக்கறேன்.

ஆடி மாசம்

அம்மா நிறுத்தறதுக்கு நாள் குறிச்சது ஆடியில. முகூர்த்தம் கிடையாது, ஆர்டர் குறைவு. தேதியை டாக்டர் முடிவு பண்ணலை, அம்மாவே பண்ணாங்க. டின்ல இருந்த அட்டையை எடுத்து அப்பா கையில கொடுத்துட்டாங்க.

மூணாவது நாள் வாந்தி. டாக்டர் முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்த வாந்தி மாத்திரை உதவுச்சு. அஞ்சாவது நாள் என்னைத் திட்டினாங்க, "கம்ப்யூட்டர் படிச்சுட்டு வந்து என்னை வெச்சுப் பரிசோதனை பண்றியா"ன்னு. ஆறாவது நாள் அப்பா என்னைத் தனியா கூப்பிட்டு, "ஒண்ணு கொடுத்துடலாமாடா"ன்னார். கொடுக்கலாம்னுதான் எனக்கும் தோணுச்சு. பக்கத்துல ஒருத்தர் வலியில கிடக்கும்போது மாத்திரை கொடுக்காம இருக்கறது ரொம்பக் கஷ்டம். ஹுஸ்க்வார்னாவுல பொடியைப் பரிசா கொடுத்தவங்களை நான் அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன். பதினோராவது நாள் காலையில அம்மா காபி போட்டுட்டு, "இன்னைக்குத் தலை லேசா இருக்கு"ன்னாங்க.

மூணாவது மாசக் காலண்டர்: தலைவலி 9 நாள், மாத்திரை 4 நாள். முழுசா போகலை. மைக்ரேன் அவங்க சுபாவம், அது அப்படியே இருக்கு. தீபாவளி ஆர்டர் நேரத்துல மாத்திரை 7 நாள் ஆச்சு. ஆனா 10ஐத் தாண்டலை. வட்டம் போடறது இப்ப அம்மாவேதான்.

முடிக்கறதுக்கு முன்னாடி

இதைக் கேட்டுட்டு யாரும் நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்தாதீங்க. டிரமடால், கோடீன் மாதிரி ஓபியாய்டு மருந்தோ, தூக்க மருந்து கலந்ததோ போடறவங்க திடீர்னு நிறுத்தறது ஆபத்து, டாக்டர் பார்வையிலதான் குறைக்கணும். இதயம், சர்க்கரை, வலிப்புக்கான மாத்திரைங்களுக்கு இந்தக் கதையே பொருந்தாது.

சில தலைவலிக்குக் காலண்டர் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி வேணும். இடி விழுந்த மாதிரி நொடியில உச்சத்துக்குப் போற வலி. காய்ச்சலோட கழுத்து விறைக்கறது. கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு. தலையில அடிபட்ட பிறகு வர்றது. கர்ப்ப காலத்துலயோ பிரசவத்துக்குப் பிறகோ புதுசா வர்றது. 50 வயசுக்கு மேல முதல் தடவையா வர்ற தலைவலியையும் தள்ளிப் போடாதீங்க. நெற்றிப்பொட்டு ரத்தக் குழாய் வீக்கமா இருந்தா பார்வையே போகலாம்.

மத்தபடி, உங்க வீட்டுலயும் ஒரு டின் இருக்கும். அதுக்குச் சொந்தக்காரங்ககிட்ட அறிவுரை சொல்ல வேண்டாம். ஒரு மாசம் சேர்ந்து எண்ணுங்க, அந்தக் காலண்டரை டாக்டர்கிட்ட காட்டுங்க.

அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். ஒரு ஊரே போட்டிருக்கு. ஒரு நாட்டோட கடிகாரத் தொழிலாளர்கள் போட்டிருக்காங்க. மேயோ கிளினிக்ல 1951ல எழுதினது, சாதாரண மாத்திரைக்கும் பொருந்தும்னு தெரியவே 1982 ஆச்சு. மருத்துவர்களுக்கே அவ்வளவு நாள் ஆன விஷயத்தை, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கை வெட்டி ஜாயின்ட் போட்டுக்கிட்டு இருந்த ஒருத்தங்க கண்டுபிடிச்சிருக்கணும்னு எதிர்பார்க்க முடியாது. வலிச்சுது, வேலை இருந்துச்சு, கைக்கு எட்டற தூரத்துல மாத்திரை இருந்துச்சு. தப்பு இல்லைம்மா. எத்தனை நாள்னு யாரும் கேட்கலை, அவ்வளவுதான். பக்கத்துலயே இருந்த நானும் கேட்கலை.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.